கிராங்க் புல்லி: உட்காருவது வேறு, பொருந்துவது வேறு

ஸ்பேர்ஸ் கடையில் போய் ‘வைப்ரேஷன் டேம்பர் இருக்கா?’ என்று கேட்டால் கடைக்காரர் ஒரு கணம் யோசிப்பார். ‘கிராங்க் புல்லி குடுங்கண்ணே’ என்றால் உடனே எடுத்து மேசைமேல் வைத்துவிடுவார். அப்படி உடனே வந்த ஒரு புல்லியால்தான் விக்கிரவாண்டி தாண்டி நடுராத்திரியில் பெல்ட் அறுந்து நின்றேன். புல்லி கிராங்க் முனையில் நன்றாகவே உட்கார்ந்திருந்தது. போல்ட்டும் சிரமமில்லாமல் ஏறியது. பெல்ட் ஓடும் தடம் மட்டும் பழைய புல்லியைவிட இரண்டு மில்லிமீட்டர் முன்னால் தள்ளி இருந்தது. கடையில் யாரும் அளக்கவில்லை, பட்டறையில் யாரும் அளக்கவில்லை, நானும் அளக்கவில்லை. மூன்றே வாரத்தில் பெல்ட்டின் ஓரம் நூல் நூலாகப் பிரிந்துவிட்டது.

அந்த இரண்டு மில்லிமீட்டரைத் தவிர்ப்பது எப்படி என்று இந்த அத்தியாயத்தில் பார்க்கப் போகிறோம். அளவுகோலுக்கு அகப்படாத இன்னொரு பொருத்தமும் உண்டு. அது தவறினால் பெல்ட்டோடு போகாது, கிராங்க் ஷாஃப்டுக்கே வினையாகும். அதனால் முதலில் அதையே சொல்லிவிடுகிறேன்.

புல்லிக்குள் இருக்கும் ரப்பர்

நான்கு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் அரைச் சுற்று சுற்றும்போதெல்லாம் ஏதாவது ஒரு சிலிண்டரில் எரிபொருள் வெடிக்கிறது. 3000 ஆர்.பி.எம்.மில் நொடிக்கு 100 வெடிப்பு. ஒவ்வொரு வெடிப்பும் ஷாஃப்டைத் துளியளவு முறுக்குகிறது. துவைத்த வேட்டியைப் பிழிகிற மாதிரியான முறுக்கு அது. கை விட்டதும் வேட்டி அப்படியே கிடக்கும், எஃகு கிடக்காது. முறுக்கின வேகத்தில் திரும்பி விரியும், மறுபக்கமும் முறுக்கிக்கொள்ளும். ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் ஆட்டம் ஏறிக்கொண்டே போகிறதல்லவா, அதேபோல வெடிப்பின் தாளமும் ஷாஃப்டின் சொந்தத் தாளமும் ஒத்துப்போகும் வேகங்களில் இந்த முறுக்கம் பெருகும். தாங்க முடியாமல் போனால் ஷாஃப்ட் உடையும். மோட்டார் வண்டிகள் தோன்றிய புதிதில், ஆறு சிலிண்டர் இன்ஜின்களின் நீண்ட ஷாஃப்டுகள் இப்படித்தான் உடைந்தன. இங்கிலாந்தில் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் போன்ற பொறியாளர்கள் 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதற்கு மருந்தாகக் கண்டுபிடித்ததுதான் டேம்பர்.

இன்றைய கார்களில் அது புல்லியோடு ஒன்றாகவே வருகிறது. நடுவில் கிராங்க் முனையில் ஏறும் குடம். வெளியே பெல்ட் ஓடும் கனத்த வளையம். இரண்டுக்கும் நடுவே ரப்பர். ஷாஃப்ட் ஒரு பக்கம் முறுக்கும்போது கனமான வளையம் தன் போக்கிலேயே சுற்றப் பார்க்கும். நடுவில் மாட்டிய ரப்பர் பிசைபட்டு, அந்த அதிர்வைச் சூடாக்கிக் கரைத்துவிடும்.

வளையம் எவ்வளவு கனம், ரப்பர் எவ்வளவு கெட்டி என்ற இரண்டையும் அந்த இன்ஜினின் ஷாஃப்டுக்கென்றே கணக்குப் போட்டுத்தான் தயாரிக்கிறார்கள். வீணைத் தந்தியை ஒரு சுருதிக்கு முடுக்குவது போன்ற வேலை இது. வளையம் இலேசானாலும் ரப்பர் மிருதுவானாலும் சுருதி நகர்ந்துவிடும். பார்வைக்கும் அளவுக்கும் அச்சு அசல் ஒன்றாக இருக்கிற இரண்டு புல்லிகளில் ஒன்று ஷாஃப்டைக் காப்பாற்றும், இன்னொன்று வெறுமனே பெல்ட்டைச் சுற்றிக்கொண்டிருக்கும். உட்காருவது வேறு, பொருந்துவது வேறு என்று நான் சொல்வது இதைத்தான்.

கோளாறு புல்லியில்தானா?

இன்ஜின் ஆடுகிறது என்றதும் பலர் முதலில் மாற்றுவது இன்ஜின் மவுண்டிங். மவுண்டிங்கின் வேலை முழு இன்ஜினும் ஆடுவது பாடிக்கு வராமல் தடுப்பது. டேம்பரின் வேலை இன்ஜினுக்குள் ஷாஃப்ட் முறுக்குவதைத் தணிப்பது. மவுண்டிங் போனால் ஸ்டீயரிங்கிலும் சீட்டிலும் தெரியும், கிளட்ச் விடும்போது இடிக்கும். டேம்பர் போனால் பெரும்பாலும் முதலில் பெல்ட் பக்கமிருந்துதான் சேதி வரும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று சத்தம், புதிதாகப் போட்ட பெல்ட் சில மாதத்திலேயே ஓரம் தேய்வது, டென்ஷனர் துடிப்பது. ரப்பர் முழுவதும் விட்டுவிட்டால் குடம் சுற்றும், வளையம் சும்மா நழுவும். பேட்டரி விளக்கு எரியும், ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் இருந்தால் கல்லாகும். வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில் ஓடுகிற வண்டியென்றால் அப்படியே ஓட்டிப் போகாதீர்கள், சூடேறிவிடும்.

உறுதிப்படுத்த நான் செய்வது இதுதான். முன்சக்கரத்தைக் கழற்றி, உள் மூடியை விலக்கினால் பெரும்பாலான கார்களில் புல்லியின் முகம் தெரியும். இன்ஜின் நின்றிருக்கும்போது குடத்திலிருந்து ரப்பரைத் தாண்டி வளையம் வரை, வெள்ளை பெயின்ட் பேனாவால் நேராக ஒரு கோடு போடுங்கள். ஒரு வாரம் ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு குடத்தில் ஓரிடத்திலும் வளையத்தில் வேறிடத்திலும் இருந்தால் ரப்பர் பிடி விட்டுவிட்டது என்று பொருள். லாரி, பஸ் இன்ஜின்களில் சில தயாரிப்பாளர்களே இந்தக் கோட்டை வெட்டி அனுப்புகிறார்கள். ரப்பர் டேம்பர் உள்ள கம்மின்ஸ் இன்ஜின்களுக்கான வரம்பு 1.59 மில்லிமீட்டர். அதற்குமேல் விலகினால் மாற்ற வேண்டியதுதான்.

ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா, பிதுங்கி வெளியே வந்திருக்கிறதா, எண்ணெய் பட்டு ஊறியிருக்கிறதா என்றும் பாருங்கள். எண்ணெய் பட்டிருந்தால் கிராங்க் முன்பக்க ஆயில் சீல் கசிகிறது. சீலை விட்டுவிட்டுப் புல்லியை மட்டும் மாற்றினால் புதுப் புல்லியின் ரப்பரும் ஊறிப்போகும். ஐடிலில் புல்லி தள்ளாடுவது தெரிந்தால் இன்னொரு சந்தேகமும் வேண்டும். போல்ட் தளர்ந்து, புல்லியைக் கிராங்கோடு பூட்டும் கீயும் கிராங்க் முனையும் தேய்ந்திருக்கலாம். அந்த முனையில் எவ்வளவு நல்ல புல்லி போட்டாலும் நிற்காது.

பழைய வண்டிகளில் கவனிக்க வேண்டிய ஒன்று: டைமிங் குறி வெளி வளையத்தில் இருந்தால், வளையம் நழுவியபின் அந்தக் குறி பொய் சொல்லும். டைமிங் லைட் வைத்து நாள் முழுக்கத் திருகினாலும் இன்ஜின் சரியாக ஓடாது. இதனால் கார்புரேட்டரைக் குற்றம் சொல்லி மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

எண்ணைத் தேடுங்கள், பெயரைத் தேடாதீர்கள்

கடையில் நடக்கும் உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான்.

“அண்ணே, ஐ20 டீசலுக்கு கிராங்க் புல்லி வேணும்.”

“எந்த வருஷம் தம்பி?”

“பதினாலுன்னு நினைக்கிறேன்.”

“இந்தா, இதுதான் வரும்.”

இதில் மூன்று ஊகம் இருக்கிறது. ஆண்டு என்று நாம் சொல்வது பெரும்பாலும் பதிவு செய்த ஆண்டு. வண்டி முந்தைய ஆண்டே தயாராகி ஷோரூமில் நின்றிருக்கலாம். ஒரே மாடல் பெயரில் ஆண்டின் நடுவிலேயே உதிரிபாகம் மாறியிருக்கலாம். ‘டீசல்’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு மூன்று இன்ஜின்கள் ஒளிந்திருக்கலாம்.

வண்டியின் உண்மையான அடையாளம் 17 எழுத்து கொண்ட சேஸிஸ் எண். ஆர்.சி.யிலும் இருக்கும், வண்டியின் உடம்பிலும் அடித்திருக்கும். இந்தியாவில் செய்த கார்களில் அதன் முதல் மூன்று எழுத்தே யார் செய்தது என்று சொல்லிவிடும்: எம்.ஏ.3 என்றால் மாருதி சுசூகி, எம்.ஏ.எல். என்றால் ஹூண்டாய், எம்.ஏ.டி. என்றால் டாடா, எம்.பி.ஜே. என்றால் டொயோட்டா கிர்லோஸ்கர். அந்த முழு எண்ணையும் இன்ஜின் எண்ணையும் கம்பெனி டீலரின் பாகங்கள் கவுன்டரில் கொடுத்தால், அவர்கள் கணினியில் உங்கள் வண்டிக்கே உரிய பாக எண் வரும். அங்கேதான் வாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. எண்ணையும் விலையையும் மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு வரலாம், தவறே இல்லை. அந்த எண்ணோடு வெளிக்கடைக்குப் போனால் பேச்சின் தரமே மாறிவிடும்.

பாக எண்ணைப் படிக்கக் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள். டொயோட்டாவிலும் ஹூண்டாயிலும் ஐந்து இலக்கம், ஒரு சிறு கோடு, மறுபடி ஐந்து இடம். முன் ஐந்து அது என்ன சாமான் என்பதைச் சொல்லும், பின் ஐந்து எந்த இன்ஜினுக்கு என்பதைச் சொல்லும். ஹூண்டாயில் டேம்பர் புல்லி என்றால் 23124 என்றுதான் தொடங்கும். முன் ஐந்து ஒத்துப்போனதும் ‘அதே சாமான்தான்’ என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள். பிழை ஒளிந்திருப்பது பின் ஐந்தில்தான். ‘அந்த நம்பர் நின்னுபோச்சு, இதுதான் இப்ப வருது’ என்று கடைக்காரர் சொன்னால் அது உண்மையாகவும் இருக்கலாம். கம்பெனியே பழைய எண்ணை நிறுத்தி, திருத்திய பாகத்துக்குப் புது எண் கொடுப்பதுண்டு. ஆனால் அதை டீலரின் பட்டியலில் பார்த்தபின் நம்புங்கள்.

ஒரே இன்ஜின், வேறு வேறு வீடுகள்

நம் சாலைகளில் மிக அதிகம் ஓடிய டீசல் இன்ஜின்களில் ஒன்று ஃபியட்டின் 1248 சி.சி. மல்டிஜெட். 2007இல் ஸ்விஃப்டில் வந்து, 2020இல் மாருதி டீசலை நிறுத்தும்வரை பல மாருதி கார்களில் ஓடியது. டாடா அதை குவாட்ராஜெட் என்ற பெயரில் விஸ்டாவிலும் மான்ஸாவிலும் வைத்தது. ஃபியட் புன்ட்டோவிலும் அதுவே, ஷெவர்லே செயில் டீசலிலும் அதுவே. ஷெவர்லே பீட் டீசல், அதே குடும்பத்தில் ஒரு சிலிண்டரைக் குறைத்துச் செய்த 936 சி.சி. இன்ஜின்.

ஷெவர்லே 2017 முடிவில் இந்தியாவில் விற்பனையை நிறுத்திவிட்டது, ஃபியட்டும் பின்னால் போய்விட்டது. செயில் வைத்திருப்பவருக்கு இயல்பாகவே ஒரு யோசனை தோன்றும்: ‘ஸ்விஃப்ட் புல்லி எங்கும் கிடைக்கிறதே, இன்ஜின் ஒன்றுதானே, அதை மாட்டினால் என்ன?’ அந்தத் தவிப்பு எனக்குப் புரிகிறது. கைவிடப்பட்ட வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பது சின்ன விஷயமில்லை. ஆனால் ஒரு கம்பெனி இன்ஜினைக் கடன் வாங்கும்போது அதன் முன்பக்கத்தைத் தன் வண்டிக்கு ஏற்ப மாற்றிக்கொள்கிறது. ஏசி கம்ப்ரஸரும் ஆல்டர்னேட்டரும் வேறு இடத்தில் இருக்கலாம், பவர் ஸ்டீயரிங் பம்ப் இல்லாமலே இருக்கலாம், பெல்ட்டின் பள்ளங்கள் எண்ணிக்கையில் மாறலாம். குடம் ஒன்றாக இருந்து வளையம் மட்டும் வேறாக இருப்பது இப்படித்தான் நேர்கிறது. அதனால் மாற்று தேடுவதென்றால் இரண்டு கம்பெனியின் பாக எண்ணையும், புல்லி தயாரித்தவரின் பட்டியலில் குறுக்கு ஒப்பீட்டையும் பார்த்துவிட்டு, கீழே சொல்லும் எல்லா அளவையும் எடுத்தபிறகே மாட்டுங்கள். பீட் டீசலுக்கு மட்டும் இந்த வழியே வேண்டாம். மூன்று சிலிண்டரின் தாளம் வேறு, அதன் ஷாஃப்ட் நீளம் வேறு, அதனால் டேம்பரின் சுருதியும் வேறு.

சாம்பிளோடு போங்கள்

பழைய புல்லியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போவதுதான் நம் ஊர் வழக்கம். நல்ல வழக்கம். கூடவே ஒரு வெர்னியர் காலிப்பரும் ஒரு இரும்பு ஸ்கேலும் கொண்டுபோங்கள். ஆனால் முதலில் இப்போது கையில் இருப்பது கம்பெனி புல்லிதானா என்று பாருங்கள். முன்னால் வைத்திருந்தவர் மாட்டிய தப்பான புல்லியைச் சாம்பிளாகக் கொண்டுபோனால் அதே தப்பு புதிதாகக் கைக்கு வரும்.

மேசைமேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். குடத்தின் துளை விட்டம், கீ போகும் பள்ளத்தின் அகலம், ஆயில் சீல் உட்காரும் கழுத்தின் விட்டமும் நீளமும் பாருங்கள். கழுத்து குட்டையாக இருந்தால் சீல் அந்தரத்தில் நின்று கசியும். அடுத்தது பெல்ட் பள்ளங்கள். பெல்ட்டின் மேல் 6பிகே என்று இருந்தால் ஆறு பள்ளம், பக்கத்தில் இருக்கும் எண் மில்லிமீட்டரில் நீளம். பிறகு என்னை விக்கிரவாண்டியில் நிறுத்திய அளவு: குடத்தின் பின்முகத்தைத் தட்டையான இடத்தில் வைத்து, அங்கிருந்து முதல் பள்ளம் வரை எவ்வளவு உயரம். இரண்டிலும் அது ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் என்றாலும் வாங்காதீர்கள்.

வெளி விட்டமும் முக்கியம். பெரிய புல்லி ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்ப்பையும் வேகமாகச் சுற்றும், சின்னது மெதுவாகச் சுற்றும். ஐடிலில் சார்ஜ் ஏறாத புதிரான நோய்க்கு இது ஒரு காரணமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். சில இன்ஜின்களில் கிராங்க் சென்சார் படிக்கும் பல் வளையமும் புல்லியின் பின்னாலேயே இருக்கும். பல்லை எண்ணுங்கள். பல் விடுபட்ட இடைவெளி கீ பள்ளத்திலிருந்து எந்தக் கோணத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். அது மாறினால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாமல் போகலாம்.

கடைசியாக, கடையில் தராசு இருந்தால் இரண்டையும் நிறுத்துப் பாருங்கள். இல்லையென்றால் பக்கத்து மளிகைக் கடைத் தராசு போதும். இவ்வளவு எளிய சோதனையை யாரும் செய்வதில்லை என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம். சுருதி வளையத்தின் கனத்தில் இருக்கிறது என்று பார்த்தோம். மலிவான புல்லியில் முதலில் குறைவது அந்தக் கனம்தான். கையில் எடுத்தாலே இலேசாகத் தெரிந்தால், மற்ற அளவெல்லாம் சரியாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழையதில் ரப்பர் கொஞ்சம் உதிர்ந்திருந்தாலும் எடையில் பெரிய வித்தியாசம் வராது.

பெட்டியை நம்புவதும் பொருளை நம்புவதும்

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் நின்றால் ஒரே புல்லிக்கு மூன்று நான்கு விலை கேட்கும். கம்பெனி பெட்டியில் வருவதை ஜெனுவின் என்பார்கள். கார் கம்பெனிக்கே செய்து கொடுப்பவர் தன் சொந்தப் பெட்டியில் விற்பது ஓ.இ. மற்றதெல்லாம் லோக்கல். ஓ.இ. கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம், பொருள் அதுவேதான். லோக்கலில் நல்லதும் இருக்கலாம். ஆனால் கவுன்டரில் நின்று ரப்பரின் கெட்டித்தனத்தைச் சோதிக்க வழியில்லை. அதனால் பெல்ட், ஃபில்டர் போன்றவற்றில் லோக்கலை ஏற்கும் நான் டேம்பரில் மட்டும் ஏற்பதில்லை.

இதைவிட மோசம் ஜெனுவின் பெட்டியில் வரும் டூப்ளிகேட். விலை, தயாரித்த மாதம், ஆண்டு, தயாரித்தவர் முகவரி எல்லாம் பெட்டியில் அச்சாகியிருக்க வேண்டும். பெட்டியில் உள்ள பாக எண்ணும் புல்லியின் மேல் வார்த்த எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ரப்பர் விளிம்பு சீராக இருக்கிறதா, பெயின்ட் ரப்பர்மேல் வழிந்திருக்கிறதா பாருங்கள். ஜி.எஸ்.டி. பில் தர மறுக்கிற இடத்தில் வாங்க வேண்டாம். தயாரித்த தேதியும் முக்கியம்: அலமாரியில் சும்மா கிடந்தாலும் ரப்பருக்கு வயதாகும்.

புதுப்பேட்டையில் கழற்றிய சாமான் கிடைக்கும். இன்ஜின் ஹெட்டுக்கும் கதவுக்கும் அங்கே போவேன். டேம்பருக்குப் போக மாட்டேன். ஒரு லட்சம் கிலோமீட்டர் பிசைபட்ட ரப்பரைக் காசு கொடுத்து வாங்குவானேன்?

லேத்தில் சரிசெய்வது பற்றி அழுத்தமாகவே சொல்கிறேன். வளையத்தையும் குடத்தையும் வெல்டு வைத்து ஒட்டித் தருகிறார்கள். சத்தம் நின்றுவிடும், செலவும் மிகக் குறைவு, வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போவார். ஆனால் அன்றிலிருந்து அந்த இன்ஜினுக்கு டேம்பரே இல்லை. ஷாஃப்ட் உடனே உடையாது. மாதங்கள் கழித்து உடையும்போது யாரும் அந்த வெல்டை நினைத்துப் பார்க்க மாட்டார்கள். அலுமினியத்தில் கடைந்த இலேசான ரேஸ் புல்லிக்கும் இதே பதில்தான்.

லாரியும் பஸ்ஸும்

ஆறு சிலிண்டர் இன்ஜின்களில் பல இடங்களில் ரப்பருக்குப் பதில் எண்ணெய் டேம்பர் இருக்கும். மூடிய ஒரு தட்டைப் பெட்டி, உள்ளே ஒரு கனத்த வளையம், இரண்டுக்கும் நடுவே மெல்லிய இடைவெளியில் தேனைவிடக் கெட்டியான சிலிகான் திரவம். வெளியிலிருந்து பார்த்தால் எந்தத் தேய்மானமும் தெரியாது. திரவம் வருடக்கணக்கில் சூடேறிக் கட்டிதட்டிப் போனால் உள்வளையம் பெட்டியோடு ஒட்டிக்கொள்ளும், அப்போது அது வெறும் எடைக்கல். பெரிய ஓவர்ஹாலில் இதையும் மாற்றும்படி கையேடு சொன்னால் ‘நல்லாத்தானே இருக்கு’ என்று பழையதையே திருப்பி மாட்டாதீர்கள்.

வாங்கும்போது விரலால் தடவிப் பாருங்கள். பெட்டியில் ஒரு சின்ன ஒடுக்கு இருந்தாலும் வேண்டாம். உள்ளிருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாதது, ஒடுக்கு வளையத்தைப் பிடித்துவிடும். பார்சலில் வரவழைத்தால் லாரி ஆபீஸிலேயே பிரித்துப் பாருங்கள்.

மாட்டும்போது

சரியான புல்லியைத் தவறாக மாட்டிக் கெடுப்பதும் உண்டு. கழற்றும்போது புல்லர் குடத்தைப் பிடித்து இழுக்க வேண்டும், வெளி வளையத்தைப் பிடித்து இழுத்தால் ரப்பர் கிழியும். ஏற்றும்போது சுத்தியல் வேண்டவே வேண்டாம். அடி ரப்பருக்கும் விழும், கிராங்கின் த்ரஸ்ட் பேரிங்குக்கும் விழும். கையேட்டில் சொன்ன முறையில் இழுத்து ஏற்றும் கருவியை வைத்து உட்கார வையுங்கள். சில இன்ஜின்களில் போல்ட் இடமரை, திருப்பும் முன் தெரிந்துகொள்ளுங்கள். போல்ட்டைப் புதிதாகவே போடுங்கள். ஒருமுறை நீட்சி கண்ட போல்ட் அதே பிடி தராது. டார்க் ரெஞ்ச் இல்லாமல், ‘கை அளவு தெரியும் சார்’ என்று சொல்லும் பட்டறையில் இந்த வேலையைச் செய்ய விடாதீர்கள்.

ஃபோர்டின் டியூராடெக் வகைப் பெட்ரோல் இன்ஜின்கள் சிலவற்றில் புல்லிக்குக் கீயே கிடையாது. போல்ட்டின் அழுத்தம் மட்டுமே புல்லியையும் உள்ளிருக்கும் டைமிங் பல்சக்கரத்தையும் பிடித்துக்கொண்டிருக்கும். போல்ட்டைத் தளர்த்திய கணமே டைமிங் அவிழ்ந்துவிடும். கிராங்கையும் கேமையும் பூட்டும் கருவிகள் உள்ள மெக்கானிக்கிடம் மட்டும் அந்த வண்டியைக் கொடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் இரும்பு ஸ்கேலைப் புல்லி முகத்திலிருந்து ஆல்டர்னேட்டர் புல்லி வரை வைத்து, பெல்ட் ஒரே தளத்தில் ஓடுகிறதா பாருங்கள். இன்ஜினை ஐடிலில் விட்டு வளையம் தள்ளாடுகிறதா பாருங்கள். பிறகு அந்த வெள்ளைக் கோட்டைப் புதுப் புல்லியிலும் போட்டுவையுங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை, அதன்பின் ஒவ்வொரு ஆயில் சர்வீஸிலும் ஒருமுறை, முன்சக்கரம் கழன்றிருக்கும்போது டார்ச் அடித்துக் கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாங்கிய பில்லையும் பாக எண்ணையும் ஆர்.சி.யோடு சேர்த்து வையுங்கள். அடுத்த முறை சாம்பிள் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருக்காது.